அப்பாவின் இடது புருவம்

1

இந்த வாரம் எங்கள் ஆஸ்பத்திரியின் கட்டணப் பிரிவில் ஓர் அம்மாளுக்குக் கட்டுப் பிரித்தோம். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கணவர் வக்கீல். நோய் என்று எதுவும் இல்லை. நெற்றித் தோல் தளர்ந்து இரண்டு புருவங்களும் இமைமேல் உட்கார்ந்துவிட்டன, அவ்வளவுதான். "பாட்டி, ஏன் எப்போதும் கோபமாக இருக்கிறாய்?" என்று பேரப்பிள்ளைகள் கேட்கிறார்களாம். அதனால் புருவத்தை ஏற்றிக்கொள்ள வந்தார்.

நான் கண்ணாடியைப் பிடித்தேன். தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரோ என்னிடம் நம்ப முடியாத சேதி சொல்லிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது" என்றார். வீக்கம் வடிந்தால் பாதி சரியாகும், மீதி அப்படியேதான் இருக்கும் என்று சொன்னேன். கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் போடிநாயக்கனூர்ப் பெண். மதுரையில் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சி முடித்து, கப்பலேறி இங்கிலாந்தின் வடக்கே ஒரு மழை ஊருக்கு வந்தேன். இங்கே முகத்தைச் சீர்செய்கிற பிரிவில், ஆபரேஷன் அறையில் வேலை. யுத்தத்தில் எரிந்துபோன முகங்களுக்காக ஆரம்பித்த பிரிவு இது. அந்த ஆட்கள் குறையக் குறைய, இடையிடையே வக்கீல் மனைவிமார்கள் வருகிறார்கள்.

போடியிலிருந்து எனக்கு வருகிற கடிதங்களில் பாதி ஒரே கேள்வியைக் கேட்கின்றன. "அங்கே மூஞ்சியையே மாத்திக் குடுக்கிறாகளாமே, நெசமா?" ஊர் முழுக்க இதைப் பரப்பியவர் என் அப்பா. அவருக்குக் காரணம் இருக்கிறது. எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியாததால் இங்கே மொத்தமாக எழுதுகிறேன். ஒன்று, இரண்டு என்று போட்டு எழுதுவது என் வேலைப் பழக்கம், பொறுத்துக்கொள்ளவும்.

2

முதலில் அப்பாவின் தொழில். அது தெரியாமல் மற்றது விளங்காது.

அப்பா யாக்கோபு ஏலக்காய்த் தரகர். மலையில் சின்னச் சின்னத் தோட்டம் வைத்திருப்பவர்கள் காயை உலர்த்தி, சாக்கில் கட்டி, போடிமெட்டு வழியாக ஜீப்பில் இறக்கிக் கொண்டுவருவார்கள். அவர்களுக்குச் சமவெளிச் சந்தை தெரியாது. அவர்களுக்காக நின்று விலை பேசுகிறவர் அப்பா.

பேசுவது என்றால் வாயால் அல்ல. வாங்குகிறவரின் வலது கையும் அப்பாவின் வலது கையும் ஒரு துண்டுக்குள் சேர்ந்திருக்கும். உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். சுற்றி நிற்கிற மற்ற வியாபாரிகளுக்கு ஒன்றும் தெரியாது. காய்க்கு உரியவர் அப்பாவுக்கு இடப்பக்கம், இரண்டடி தள்ளி நிற்பார். துண்டுக்குள் வந்த விலை நல்ல விலை என்றால் அப்பாவின் இடது புருவம் மட்டும் ஏறும். 'குடு' என்று அர்த்தம். புருவம் ஏறாமலிருந்தால் 'பொறு, இன்னும் வருவான்' என்று அர்த்தம். வாங்குகிறவர் வலப்பக்கம் நிற்பதால் இடது புருவம் அவர் கண்ணில் படாது.

இரண்டு புருவங்களையும் சேர்த்து யாரும் ஏற்றலாம். வலதை அசைக்காமல் இடதை மட்டும் ஏற்றுவது எல்லோராலும் ஆகாது. அப்பாவால் முடிந்தது. அந்த ஒரு புருவத்தை நம்பி மலையிலிருந்து இறங்கினவர்கள் நிறையப் பேர்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய மார்கழியில் மெட்டிலிருந்து இறங்கும்போது அப்பா திறந்த ஜீப்பின் ஓரத்தில், இடது கன்னத்தில் காற்று அடிக்க உட்கார்ந்து வந்தார். மறுநாள் காலையில் கொப்பளித்த தண்ணீர் வாயின் ஒரு பக்கமாக வழிந்தது. இடப்பக்க முகம் முழுவதும் தொங்கிவிட்டது. "காத்தடிச்சிருச்சு" என்றது ஊர். காற்றால் வருகிறதா என்பது இங்கே பெரிய டாக்டர்களுக்கும் தெரியாது. முகத்து நரம்பு வீங்கிச் செயலிழக்கிறது என்பதுவரைதான் தெரியும். எண்ணெய், ஒத்தடம், ஊசி, ஜெபம் எல்லாம் நடந்தன. வாய் திரும்பி வந்தது. கண் மூடத் தொடங்கியது. புருவம் மட்டும் வரவில்லை.

3

போன வருடம் விடுமுறையில் ஊருக்குப் போனேன். மதுரையில் ரயில் மாறிப் போடியில் இறங்கியபோது அப்பா நடைமேடையில் நின்றிருந்தார். தூரத்திலிருந்து பார்க்கப் பாதி முகம் தூங்குகிற மாதிரி இருந்தது.

"என்ன ஆத்தா, பெட்டியக் கூட எறக்காம டாக்டரு மாதிரி பாக்குற?"

"புருவத்தைத் தூக்குங்கப்பா."

"ஸ்டேசன்லயா? ஊரே பாக்குது."

"தூக்குங்க."

வலது புருவம் ஏறி நெற்றியில் பாதிவரை கோடுகள் விழுந்தன. இடப்பக்கம் இஸ்திரி போட்ட துணி மாதிரி வழவழவென்று கிடந்தது. புருவத்தின் வெளிநுனி கண்ணோரத்தில் படிந்திருந்தது. இவ்வளவு காலம் ஆனபிறகும் துளி அசைவு இல்லையென்றால் இனிமேல் வராது. எனக்கு அது அங்கேயே தெரிந்துவிட்டது. போர்ட்டரைக் கூப்பிட்டேன்.

சாப்பிட்ட பிறகு, வேறு வழியில் சைகை செய்யலாமே என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். இருமலாமே?

"இருமிப் பாத்தாச்சு. ஒரே வாரத்துல வாங்குறவன் பூரா கண்டுபுடிச்சுட்டான். 'தரகரே, இருமல் ஒசந்திருச்சு போல, வெலையும் ஒசந்திருச்சா'ன்னு கேக்குறான்."

வலது புருவத்தை ஏற்றலாமே?

"அது வாங்குறவன் மூஞ்சிக்கு நேரால்ல இருக்கு. அதுக்கு நான் மைக்கு வச்சுச் சொல்லிப்புடலாம்."

நிற்கிற பக்கத்தை மாற்றிக்கொள்ளலாமே?

அப்பா பதில் சொல்வதற்கு முன்னால் என் தம்பி ஜெபமணி சிரித்துவிட்டான். "அக்கா சீமையில இருந்து மறந்துருச்சு. பக்கம் மாறினா எந்தக் கையக்கா துண்டுக்குள்ள போகும்?"

இடது கை. பீச்சாங்கையை நீட்டினால் எந்த வியாபாரி தொடுவான்? எனக்கு அது ஏன் தோன்றவில்லை என்பதுதான் அன்று என்னை உறுத்தியது. இங்கே யாரும் எந்தக் கையாலும் எதையும் கொடுக்கிறார்கள். எனக்கும் பழகிவிட்டது. ஊருக்குப் போன மறுநாள் காலையில் இடது கையால் அப்பாவுக்குக் காப்பி நீட்டினேன். நான் கை மாற்றுகிறவரை பார்த்துக்கொண்டிருந்து, பிறகு வாங்கிக்கொண்டார்.

"அது கெடக்கட்டும். நீ வேல பாக்குற எடத்துல புருவத்தைத் தூக்கித் தைக்கிறாகன்னு எழுதியிருந்தியே. எனக்குத் தைப்பாகளா?" என்றார்.

4

இங்கே கத்தி வைப்பதற்கு முன் டாக்டர்கள் ஒன்று செய்வார்கள். புருவத்தை விரலால் தூக்கிப் பிடித்து, அல்லது பிளாஸ்திரி போட்டு இழுத்து ஒட்டி, நோயாளியிடம் கண்ணாடியைக் கொடுப்பார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு முகம் எப்படியிருக்கும் என்பதற்கு அது ஓர் உத்தேசம். அப்பாவிடம் இதைச் சொன்னேன். சொன்னதும் நெற்றியை நீட்டினார்.

ஒட்டினேன். புருவத்துக்குச் சற்று மேலே வரை இறக்கிக் கட்டிய தலைப்பாகை பிளாஸ்திரியை மறைத்துக்கொண்டது. இரண்டு புருவமும் சம உயரத்தில் வந்தன. சொல்லப்போனால் இடது கொஞ்சம் கூடுதல். கண் நன்றாகத் திறந்தது. அப்பா கண்ணாடியைக் கீழே வைக்கவே இல்லை.

"பத்து வயசு கொறஞ்சிருச்சு. ஜெபமணி, இங்க வாடா. நான் ஒனக்கு அண்ணன் மாதிரி இருக்கேனா இல்லையா?"

"அண்ணன் இல்லப்பா. மாப்ள மாதிரி இருக்கீக."

அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பிவிட்டார். நானும் தம்பியும் பின்னால் போனோம். எனக்கு நினைவு தெரிந்து அதற்கு முன் நான் விலை பேசுகிற இடத்துக்குள் போனதில்லை. பெண்கள் சாக்குப் பக்கம் காய் பிரிக்க உட்காருவார்கள். துண்டுப் பக்கம் வரமாட்டார்கள். நான் சாக்குப் பக்கம் நின்றேன்.

மாயாண்டி என்பவர் சாந்தன்பாறைப் பக்கத்திலிருந்து காய் கொண்டுவந்திருந்தார். பச்சை மாறாமல் உலர்த்திய நல்ல காய். அப்பாவிடம்தான் எப்போதும் வருவார். புருவம் விழுந்த பிறகும் அவர் ஒருவர் மட்டும் வேறு தரகரிடம் போகவில்லை. வாங்க நின்றவர் விருதுநகர் வியாபாரி. துண்டு விழுந்தது. கைகள் உள்ளே போயின. வியாபாரி முதல் விரலைப் பிடித்திருப்பார். முதல் விலை என்பது யாரும் கொடுக்கிற விலை அல்ல. பேச்சைத் தொடங்குகிற விலை.

"மதி, மதி! குடுத்தாச்சு!" என்றார் மாயாண்டி. மலையில் மலையாளத்துக்காரர்களோடு இருந்து பழகிய பேச்சு. போதும், போதும் என்கிறார்.

அப்பா கையை உருவினார். "ஏ மாயாண்டி! நான் தூக்கலப்பா!"

"தூக்கித்தான அண்ணே இருக்கு."

"நான் தூக்கலங்குறேன்."

"இந்தா, இப்பவுந்தான் தூக்கிக்கிட்டு இருக்கு!"

கடை முழுக்க அப்பாவின் நெற்றியைப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். அப்பா தலைப்பாகையை எடுத்தார். பிளாஸ்திரி பளிச்சென்று தெரிந்தது.

அங்கே வாய்ச்சொல் விழுந்தால் விழுந்ததுதான். திரும்ப எடுக்கிற வழக்கம் இல்லை. விருதுநகர்க்காரர் நல்ல மனிதர். தானாகவே கொஞ்சம் கூட்டித் தந்தார். இனாமாக வந்த அந்தக் கூடுதல்தான் அப்பாவை அதிகம் குத்தியது.

மாயாண்டி கோபப்படவில்லை. காலிச் சாக்கை மடித்துக்கொண்டே சொன்னார்: "வருசம் பூரா அட்டக்கடி வாங்கி வெளைய வச்சது அண்ணே. ஒரு பிளாஸ்திரி வித்துப்புடுச்சு." பிறகு ஜீப்புக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து வெந்நீர் தொட்டு மெதுவாக உரித்தேன். புருவம் பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. "இது ஒட்டு. தையல் வேற மாதிரி இருக்கும்ல?" என்றார் அப்பா. "தைச்சா, பையப் பையப் பழகி அசையும்ல?"

கேட்டுவிட்டு எழுதுகிறேன் என்றேன்.

5

திரும்பி வந்து கேட்டேன், படித்தேன். போடியிலிருந்து கேட்கிற எல்லோருக்கும் இதுதான் பதில். புருவத்தை ஏற்ற இன்று இருக்கிற வழிகள்:

ஒன்று. புருவத்துக்கு நேர் மேலே ஒரு கீற்றுத் தோலை வெட்டி எடுத்துவிட்டுத் தைப்பது. எளிது, சீக்கிரம் முடியும். தழும்பு புருவத்தின் மேலோரத்தில் நிற்கும். வெள்ளைத் தோலில் அது கோடாக மங்கிவிடுகிறது. நம் தோலில் சிலருக்குத் தடித்துக் கயிறு மாதிரி எழும்பும். காது குத்திய இடம் தடித்தவர்கள் இதை நினைக்கவே கூடாது.

இரண்டு. நெற்றிச் சுருக்கத்துக்குள்ளேயே வெட்டுவது. ஆழமான கோடுள்ள வயதான ஆண்களுக்குச் சொல்வார்கள். அப்பாவுக்கு இடப்பக்கத்தில் கோடே இல்லை, ஒளிக்க இடமில்லை.

மூன்று. முடி தொடங்குகிற எல்லையில் வெட்டி மேலே இழுப்பது.

நான்கு. ஒரு காதுக்கு மேலிருந்து மறு காதுக்கு மேல்வரை முடிக்குள் வெட்டி, நெற்றியை மொத்தமாகக் கிளப்பி இழுத்து, மிஞ்சுகிற தோலை எடுப்பது. வக்கீல் மனைவிக்குச் செய்தது இது. தழும்பு முடிக்குள் மறைந்துவிடும். உச்சந்தலை பல மாதம் மரத்துக் கிடக்கும். சிலருக்கு அப்படியே நின்றுவிடும். அப்பாவுக்கு முன்தலையில் முடி இல்லை. மூன்றும் நான்கும் அவருக்கு இல்லை.

தோலை மட்டும் இழுக்கிற எந்த வழியிலும் தோல் மறுபடி தளரும். சிலருக்குச் சில வருடம், சிலருக்கு அதுவும் இல்லை. அழகுக்காகக் கேட்கிறவர்கள் இதைக் கேட்டுக்கொண்டு கேட்கவும்.

ஐந்து. நரம்பு செத்த புருவத்துக்கு உள்ளது. தொடையிலிருந்து தசையைச் சுற்றியிருக்கிற உறையில் ஒரு பட்டையை உரித்தெடுத்து, ஒரு முனையைப் புருவத்துக்கு அடியிலும் மறுமுனையை நெற்றி எலும்பை மூடியிருக்கிற சவ்விலும் கட்டித் தூக்குவது. கொடியில் துணியைத் தூக்கிக் கட்டுவது போல. இது ஓரளவு நிற்கும். அப்பாவுக்குப் பொருந்துவது இது ஒன்றுதான்.

ஆறு. இதைச் சொல்லவே தயக்கமாக இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல் தெரிவதற்காக, நன்றாக இருக்கிற பக்கத்துக்குப் போகிற நரம்புக் கிளையை வெட்டி அதையும் அசையாமல் செய்வது. இரண்டும் சும்மா இருந்தால் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாதாம். புத்தகத்தில் படம் போட்டிருக்கிறார்கள். முன், பின். 'பின்' என்கிற படத்தில் அந்த மனிதர் மிக அமைதியாக இருக்கிறார்.

ஆறிலும் தேடினேன். அசைய வைக்கிறது எதுவும் இல்லை. வாய்க்கோணலுக்கும் கண்ணுக்கும் வேறு தசையைக் கொண்டுவந்து பொருத்திப் பார்க்கிறார்கள். புருவத்துக்கு யாரும் அதைச் செய்ததாகத் தெரியவில்லை.

எங்கள் தலைமை டாக்டரிடம் நேரிலேயே கேட்டேன். ஆபரேஷன் நடுவே நாங்கள் அதிகம் பேசுவதில்லை. வாயும் மூக்கும் துணிக்குள் இருக்கும், புருவத்தால் கேட்பார், கருவியை எடுத்துக் கொடுப்பேன். அன்று கை கழுவுகிற இடத்தில் அப்பாவின் போட்டோவைக் காட்டினேன். "நல்ல முகம். தூக்கிவிடலாம்" என்றார். "அசையுமா?" என்றேன். புருவத்தை உயர்த்தி, "இந்த வயதில் அது ஏன் அசைய வேண்டும்?" என்று கேட்டார்.

6

இவ்வளவுக்குப் பிறகும், அப்பாவை இங்கே வரவழைத்தால் புதிதாக ஏதாவது செய்வார்களோ என்ற நப்பாசை எனக்கு இருந்தது. ஆஸ்பத்திரி அலுவலகத்தில் விசாரித்தேன். அங்கிருந்த அம்மாள் அன்பாகத்தான் பேசினார். அவரிடம் இருந்த தாளில் இரண்டே கட்டங்கள்: அவசியம், அழகு. கண் பார்வை போய்விட்டதா? இல்லை. அப்படியானால் அழகு, முழுக் கட்டணம். அழகுக்கு அல்ல, தொழிலுக்கு என்றேன். என்ன தொழில்? துண்டு, விரல், இடப்பக்கம் நிற்கிற தோட்டக்காரர் எல்லாவற்றையும் எனக்கு வந்த ஆங்கிலத்தில் சொன்னேன். என் அப்பா புருவத்தால்தான் பேசுவார் என்றேன். அந்த அம்மாள் மிகுந்த இரக்கத்தோடு ஓரத்தில் எழுதிக்கொண்டார்: ஊமை.

அடித்துவிட்டு எழுதச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த ஊரில் படித்துவிட்டுப் போன ஒரு டாக்டர் மதராஸில் இருக்கிறார், அவருக்கு எழுதிக் கேட்டேன். ஐந்தாவது முறையைச் செய்கிறேன், அழைத்து வாருங்கள் என்று பதில் போட்டிருந்தார். தேதியும் குறித்துவிட்டார். அப்பா மதராஸ் போகத் தயாராகத்தான் இருந்தார். என் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார்.

இதற்கிடையில் அப்பாவுக்குப் பதிலாக ஜெபமணி துண்டுக்குள் கை வைத்துப் பார்த்தான். கண்ணாடி முன்னால் மாதக்கணக்கில் பழகினானாம். அவனுக்கு இரண்டும் சேர்ந்துதான் ஏறுகின்றன. "ஏன்டா தம்பி, பேயப் பாத்தவன் மாதிரி முழிக்கிற?" என்று தோட்டக்காரர்கள் கேலி செய்திருக்கிறார்கள். இப்போது மதுரையில் ஒரு மில் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருகிறான். ஆக, அப்பாவுக்குப் பிள்ளைகள் இரண்டு. ஒன்று ரயில் தூரம், ஒன்று கப்பல் தூரம்.

7

வக்கீல் மனைவிக்குக் கட்டுப் பிரிப்பதற்குச் சில வாரம் முன்பே அப்பாவுக்கு எழுதிவிட்டேன். மேலே சொன்ன ஆறையும் வரிசையாக எழுதினேன். தைத்தால் நிற்கும், அசையாது. பழகினாலும் அசையாது என்று எழுதினேன். தைக்காமல் விட்டால் புருவம் வருடத்துக்கு வருடம் இன்னும் இறங்கும், ஒருநாள் அந்தக் கண்ணை மறைக்கும் என்பதையும் எழுதினேன். அவர் எதைத் தேர்ந்தாலும் எனக்குச் சம்மதம் என்று முடித்தேன். அப்படி முடிப்பது எவ்வளவு சுலபம் என்று தபாலில் போட்ட பிறகுதான் தோன்றியது.

பதில் வந்தது. அப்பா சொல்லச் சொல்ல ஜெபமணி அப்படியே எழுதியிருக்கிறான்.

"ஆத்தாவுக்கு எழுது. அசையாதுன்னா ஏத்த வேணாம். எறங்கிக் கெடந்தா 'பொறு பொறு'ன்னு சொல்லிக்கிட்டுக் கெடக்கும். அதுல யாரு சரக்கும் போகாது. ஏத்தி வச்சுத் தைச்சுட்டா 'குடு குடு'ன்னுல்ல சொல்லிக்கிட்டே இருக்கும்? தூங்கையிலயும் சொல்லும். என்னப் பெட்டியில வச்சு மூடும்போதும் சொல்லும். மாயாண்டி வந்து பாப்பான். கண்ணை மறைச்சா மறைச்சுட்டுப் போகுது, இன்னொரு கண்ணு இருக்குல்ல."

மதராஸ் டாக்டருக்கு, வேண்டாம் என்று நானே எழுதினேன்.

அப்பா இப்போதும் காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகிறாராம். வழக்கமான இடத்தில் நிற்கிறாராம். ஜீப்பில் வந்து இறங்குகிறவர்கள் "என்ன அண்ணே, சொகமா?" என்று கேட்டுவிட்டு, சாக்கைத் தூக்கிக்கொண்டு அடுத்த தரகரிடம் போகிறார்கள்.